மலைப் படம் போட்ட அட்டை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் பேச்சில் வழிமாறிப் போகும்போதெல்லாம் பேனாவை மூடிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அதனால் சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன். அது என்னால் முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

எங்கள் சபையில் வருஷப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு நிறைய சின்ன அட்டைகளை வைத்து நீட்டுவார்கள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் வாக்குத்தத்தம். அதாவது கடவுள் மனுஷனுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று அச்சடித்திருக்கும். படம் மேலே தெரியும்படிதான் அடுக்கியிருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கைக்கு வந்தது எதுவோ, அந்த வருஷம் முழுக்க அதுதான் நமக்கு. மாற்றக் கூடாது. எங்கள் வரிசையில் உட்காரும் ஒரு டீச்சரம்மாவுக்கு ஒரு வருஷம் பொறுமையாக இருக்கச் சொல்லி வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைத் தட்டிலேயே சொருகிவிட்டு இன்னொன்று எடுத்தார். அதிலும் பொறுமைதான் வந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பாஸ்டரம்மா திரும்பிப் பார்த்தார்.

சரி, மருமகள் பேனாவை மூடிவிட்டாள்.

பேத்தி பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் ஒரு வருஷப் பிறப்பு வந்தது. குழந்தைக்குப் பாதம் இரண்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. உள்ளங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ரகசியம் பேசுவது போல இருக்கும். நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் டேபிளில் வேலை செய்தவள். எத்தனையோ ஊர் மனுஷர்களின் கால்களுக்கு ஷூவைத் துடைத்து, உள்ளே காகிதம் திணித்து, பெட்டியில் வைத்து மூடியிருக்கிறேன். என் வீட்டுக் காலுக்கு இப்படி ஆயிற்றே என்று அன்றைக்குத் தட்டின் முன்னால் நின்றேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்காக ஒரு அட்டை எடுத்தேன். படத்தில் நீல நிறத்தில் ஒரு மலை, அதன் மேலே சிறகு விரித்த ஒரு பறவை.

"இன்னா போட்டிருக்குதும்மா?" என்று பாஸ்டரம்மாவிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். பிறகு குழந்தையின் காலைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். கடவுளுக்குக் காத்திருக்கிறவர்களுக்குப் புதுப் பெலன் வரும், அவர்கள் ஓடுவார்கள், நடப்பார்கள், சோர்ந்து விழமாட்டார்கள் என்று அதற்கு அர்த்தமாம்.

"நடப்பான்னு போட்டிருக்குதா?"

"ஆமாம்மா. நடப்பான்னுதான் இருக்குது."

எனக்கு அது போதும். கம்பெனியில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஐடி கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள், என் போட்டோவுக்குப் பின்னால் அந்த அட்டையை மலைப் படம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டேன். எழுத்துப் பக்கத்தை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒருமுறை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய கட்டைப் பிரித்து, பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி, விரல் நுனி மட்டும் தெரியும்படி தொடை வரைக்கும் புதுக் கட்டு. பச்சைப் பிள்ளையையும், கட்டின் கனத்தையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு மருமகள் பஸ்ஸில் போய் வந்தாள். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஒரு நாள் மாதனூர் தாண்டி பஸ் பஞ்சராகி நின்றது. அந்த வெயிலில் ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டி ஏறிப் போனாள். இந்த இடத்தை அவள் எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்று நான் சொல்கிறேன்.

கட்டெல்லாம் முடிந்ததும் ஒரு ஜோடி சின்ன ஷூ கொடுத்தார்கள். இரண்டு ஷூவையும் நடுவில் ஒரு கம்பி சேர்த்துப் பிடித்திருக்கும். பாதம் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க, முதலில் நாள் முழுக்கவும், பிறகு தூங்கும்போது மட்டும் அதைப் போட வேண்டும். நாலு வயசு வரைக்கும் என்றார்கள்.

குழந்தை அதைப் போட விடாமல் அழுவதை, பேக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நிற்கும் அக்காவிடம் சொன்னேன். அவள் தாய்வீடு மேல்விஷாரம், கட்டிக்கொடுத்தது ஆம்பூரில்.

"ஷூ செய்ற வூட்ல பொறந்துட்டு ஷூ போட மாட்டேன்னு உன் பேத்தி பேஜார் பண்ணுதாக்கா?" என்றாள். "நடக்கட்டும். நடந்த அன்னிக்கு ஆற்காட்லேர்ந்து மக்கன் பேடா வாங்கியாரேன். ஆனா உனுக்கு இல்ல, அதுக்குத்தான்."

"பல்லு மொளைக்காததுக்கு மக்கன் பேடாவா?"

"அப்ப உனுக்கு ஒண்ணு. அவ்ளோதான்."

இனிமேல் வருவது என் தப்பு. குழந்தை என் பக்கத்தில்தான் தூங்கும். கம்பியோடு புரள முடியாமல் சிணுங்கும். அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. கடவுளே நடப்பாள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், பிறகு இந்தக் கம்பி எதற்கு, கம்பியைப் போட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகாதா என்று நினைத்தேன். எல்லாரும் தூங்கியதும் கழற்றிவிடுவேன். விடிவதற்குள் மாட்டிவிடுவேன். ரொம்பப் பெரிய விசுவாசி நான் என்று எனக்கே ஒரு பெருமை வேறு. மூணு மாதத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

குழந்தை கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கும் வயசில் இடது பாதம் மறுபடியும் உள்ளே திரும்ப ஆரம்பித்தது. மருமகளோடு நானும் வேலூர் போனேன். டாக்டரம்மா காலைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"ஷூ தெனமும் போட்டீங்களாம்மா?"

"போட்டேன் மேடம். ஒரு நாளும் விட்டதில்ல," என்றாள் மருமகள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாவுக்கட்டோடு பஸ் ஏறினவள், ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டினவள், அங்கே பொய் சொன்னவள் போல உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லிவிட்டேன்.

"டாக்டரம்மா, அவ போட்டா. நான்தான் கழட்டினேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "எதுக்கும்மா?" என்றார் டாக்டரம்மா. கழுத்திலிருந்த உறையைப் பிரித்து அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாய்விட்டே படித்தார். அதனால் அன்றைக்கு வரைக்கும் அது சரியான அட்டைதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"நல்ல வசனம்தாம்மா. பத்திரமா வச்சுக்குங்க," என்று திருப்பிக் கொடுத்தார். "பாப்பாவுக்குத் திரும்பவும் கட்டுப் போடணும்."

பள்ளிகொண்டா வரைக்கும் மருமகள் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். டோல்கேட் தாண்டின பிறகுதான் திரும்பினாள்.

"அத்தை, நடப்பான்னுதானே அவர் சொன்னாரு. ஷூ போடாதேன்னு எங்க சொன்னாரு?"

அட்டையை மறுபடியும் கழுத்து உறைக்குள் சொருகிக்கொண்டேன். குழந்தையை இனி என் பக்கத்தில் படுக்க விடமாட்டாள், அதுதான் நியாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடியும் கட்டுகள் எல்லாம் முடிந்து கம்பி ஷூ வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவள் அதை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"இனிமே இத நீங்கதான் மாட்டணும் அத்தை."

"நானா?"

"மூணு மாசம் யாருக்கும் தெரியாம கழட்டி மாட்டின கை. அந்தக் கை மாட்டினா நல்லாத்தான் மாட்டும்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அழுதேன். வாக்கு மாறாதவர் கடவுள் என்று சபையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கெடுத்தவள் கையிலேயே மறுபடியும் கொடுத்து நம்புவது எப்படி இருக்கும் என்று நான் பார்த்தது என் வீட்டில்தான். இதையும் எழுதமாட்டேன் என்கிறாள்.

அன்றிலிருந்து ஒரு நாள்கூட நான் விடவில்லை. ஷூவின் உள்தையல் குதிகாலில் உரசுகிறது என்பதையும் நான்தான் கண்டுபிடித்தேன். தையல் எங்கே கடிக்கும் என்று ஷூக்காரிக்குத் தெரியாதா. சூப்பர்வைசரைக் கேட்டு வேஸ்ட்டில் கிடந்த மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை வாங்கி, டாக்டரம்மாவிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு உள்ளே ஒட்டினேன். குழந்தை சிணுங்குவது நின்றது. சிணுங்கினாலும் நான் மலைப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "சொன்னீங்க சாமி, நடப்பான்னு சொன்னீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டிக் கொடுப்பேன். ஒரு நாள் படத்தில் பறவையைக் காணோம். வியர்வையில் அழிந்திருக்கும் என்று நினைத்தேன். மலை இருந்ததே.

இரண்டாவது பிறந்த நாளுக்குக் கொஞ்ச நாள் முன்பு, சாயங்காலம் கம்பெனி பஸ் எங்கள் ஊர் முனையில் நின்றது. நான் இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் மருமகள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு நின்றாள். குழந்தை என்னைப் பார்த்தது. ஒரு கால் வைத்தது. நின்று யோசித்தது. அடுத்த காலை வைத்தது.

"யக்கா, கதவாண்ட நிக்காத, லேட்டாவுது," என்று கத்திய டிரைவர் அதைப் பார்த்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டார். பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாம் ஒரே பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். பாதம் இரண்டும் நேராக, ஆம்பூர் ரோட்டைப் பார்த்தபடி என்னிடம் வந்தன. என் புடவையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மேலே பார்த்துச் சிரித்தது.

"எத்தினி அடி வச்சுது?" என்று பஸ்ஸில் ஒருத்தி கேட்டாள். ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். மேல்விஷாரம் அக்கா மட்டும் ஜன்னலில் தலையை நீட்டி, "உனுக்கு ரெண்டு மக்கன் பேடாக்கா" என்றாள். சொன்னபடியே வாங்கி வந்தாள். நெய்யில் பொரித்து, பாகில் ஊறி, உள்ளே முந்திரியும் பாதாமும் வைத்து... மருமகள் பேனாவை மூடிவிட்டாள்.

இப்போது பேத்தி ரெண்டாம் வகுப்பு. நடப்பது எங்கே, எந்நேரமும் ஓட்டம்தான். பிடிக்க ஆளில்லை. போன மாதம் நான் வேலையை விட்டேன். ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உறையிலிருந்து எடுத்தபோது அட்டை கீழே விழுந்தது. பேத்தி ஓடி வந்து எடுத்தாள்.

"ஆயா, இது இங்கிலீஷ்ல இருக்குது."

"அது வாக்குத்தத்தம்டி கண்ணு. உனுக்கு எடுத்தது. படி."

அவள் எழுத்துக் கூட்டித் திக்கித் திக்கிப் படித்தாள். முடியாமல் அம்மாவிடம் கொடுத்தாள். மருமகள் படித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள். பாஸ்டரம்மா மாதிரியே.

"இன்னா போட்டிருக்குது?"

"ஈரமானா நிழல்ல காய வைக்கணுமாம் அத்தை. நெருப்புக்குப் பக்கத்துல வைக்கக் கூடாதாம். பிரஷ் போட்டுத் தொடைக்கணுமாம்." அதற்கு மேல் முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நாட்களில் குளிர் நாட்டுக்குப் போகும் மலையேறுகிற ஷூ ஒன்று எங்கள் டேபிளுக்கு வந்துகொண்டிருந்தது. ஷூவை எப்படிப் பராமரிப்பது என்று சொல்லும் அட்டை ஒன்றைப் பெட்டிக்குப் பெட்டி போடுவோம். அதே அளவு, அதே நீலம், அதே மாதிரி மலை. பறவை மட்டும் இல்லை. வேலூரில் டாக்டரம்மா அட்டையைப் படித்த அந்த வாரம்தான் கம்பெனியில் ஐடி கார்டுக்குப் புது உறை கொடுத்தார்கள். பழைய உறையைப் பிரித்து அட்டையை டேபிளில் வைத்தேன். புது உறைக்குள் திரும்ப எடுத்து வைத்தது ஷூ அட்டை. பெட்டி எத்தனையோ அத்தனை அட்டையும் போயிற்று, மிச்சம் விழவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குழந்தையின் வாக்குத்தத்தத்தை நானே என் கையால் ஒரு பெட்டிக்குள் போட்டு, மூடி, கப்பலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இத்தனை வருஷமும் பிரஷ் போட்டுத் துடை என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டா நான் ஜெபம் பண்ணினேன். பேத்தியைப் பார்த்தேன். வாசலில் ஒற்றைக் காலில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அதுவும் அந்த இடது காலில்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அட்டை கப்பலில் போனாலும் வாக்குப் போகவில்லை. நான் ஷூவைக் கழற்றினேன், அவர் விடவில்லை. நான் அட்டையைத் தொலைத்தேன், அவர் அதையும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்த வாக்கு அவருக்கு ஞாபகம் இருந்தது, என் கையில் என்ன இருந்தால் என்ன.

இப்போது வேறு ஒரு யோசனை. பனி பெய்கிற ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தர் அந்தப் பெட்டியைத் திறந்திருப்பார். ஷூவுக்கு நடுவில் அந்த அட்டை. எழுத்து தமிழில். அவரும் என்னை மாதிரிதான், படிக்கத் தெரிந்திருக்காது. மலையையும் பறவையையும் பார்த்திருப்பார். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். சோர்ந்து விழாமல் நடந்துகொண்டிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன்.