கைக்குட்டையில் முடிந்த மாத்திரை

ஒரு நீலக் கைக்குட்டை. அதன் முனையில் முடிந்துவைத்த வெள்ளை மாத்திரைகள், பெயர் தெரியாதபடி அட்டையிலிருந்து உதிர்த்தெடுத்தவை. நான் நர்ஸாக இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையும் மாலையும் ஒரே வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தில், அரைத்தூக்கத்தில் கண்டதுபோல, அந்த முடிச்சு இன்னும் கண்ணுக்குள் மிதக்கிறது.

அதைக் கொண்டுவந்தவர் ஏழாம் பெட்காரரின் மனைவி. பொன்னேரிப் பக்கத்து ஆரணி. கணவர் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஃபிட்டர். நிமோனியாவோடு அவரைக் கம்பெனி ஆட்கள் இருவர்தான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து என்னவென்று அவர்களை வைத்துக்கொண்டே, கூட வந்த அந்த அக்காவிடம் கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "ஒண்ணும் இல்ல சிஸ்டர்," என்றார். நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

மூச்சுக்காக வாய்வழியே போட்டிருந்த குழாயை ஆறாம் நாள் எடுத்தோம். காய்ச்சல் இறங்கியிருந்தது. மனிதர் மட்டும் திரும்பி வரவில்லை. கண் திறந்திருக்கும், பார்வை எங்கேயோ இருக்கும். கையைத் தூக்கிவிட்டால் அந்தரத்திலேயே நிற்கும். தலையை ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் அகப்படவில்லை. மூளை போய்விட்டதோ என்று டாக்டர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

காலையில் பார்வையாளர் நேரத்தில் அக்கா வந்து, அந்தரத்தில் நின்ற கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக இழுத்தார். "கண்ணாலம் ஆன புதுசுல இப்டித்தான் சிஸ்டர், கல்லு மாதிரி குந்திகினு இருப்பாரு," என்று முடிச்சை அவிழ்த்தார். பதினோரு வருடமாகச் சாப்பிடும் மனநல மருந்து; இங்கே வந்த நாளிலிருந்து நின்றுபோயிருந்தது. மாதாமாதம் திருவள்ளூரில் டாக்டரைப் பார்க்கப் போவதை, திருப்பாச்சூர் கோயிலுக்கென்று தெருவில் சொல்லிவைத்திருந்தார்கள். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று கோயிலுக்கும் போய்த் திருநீறு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுப்பார்களாம். "கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலைய புடுங்கிடுவாங்க. அதான் அன்னிக்கி வாயே தொறக்கல." எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

எங்கள் டாக்டர்கள் திருவள்ளூர் டாக்டரிடம் பேசி, மருந்தை மிகக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்கள். நான்காம் நாள் தூக்கிவிட்ட கை தானாக இறங்கியது. மறுநாள் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"கம்பெனில சொல்லிட்டீங்களா?"

பத்து நாளுக்கு மேல் எங்கெங்கோ அலைந்து திரும்பியவர் முதலில் கேட்டது அதைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மருந்துகளைப் பற்றிக் கேட்கிறேன். அவர் பேசிய அன்று நான் வார்டைவிட்டு வெளியே வந்தபோது கம்பெனி ஆட்கள் இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"இன்னா சிஸ்டர், மூளையில எதுனா கோளாறா?"

"வெறும் ஜொரம்தாண்ணா," என்றேன். "எறங்கிடுச்சு."