கத்திரிக்காய் கிடைக்கும் ஊர்கள்

பேரணாம்பட்டு பஸ்ஸை விட்டிறங்கி, ஆம்பூர் ஸ்டேஷன் எதிரே பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். பாங்காக், சிங்கப்பூர், கோலாலம்பூர் என மூன்று ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பது என் திட்டம். ஷூ கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் சுரேஷ் வந்தால்தான் வீட்டில் என்னை விடுவார்கள். அவனை நல்லவன் என்று நம்புகிறார்கள்.

"பாம்பு, தவளையெல்லாம் நான் துன்ன மாட்டேன். வர்ல மச்சான்," என்கிறான், எலும்பைக் கடித்தபடி.

பரிமாறும் பாய் கத்திரிக்காய் வைக்க வருகிறார்.

"பாய், நீங்க கோலாலம்பூர்ல இருந்தவராச்சே. அங்க இன்னா சாப்பிடலாம், இவனுக்குச் சொல்லுங்க."

"எனக்கு இன்னாப்பா தெரியும்? அங்க ஒரு கடையில பிரியாணி போட்டேன், அதையே சாப்ட்டேன்."

சுரேஷ் நிமிர்கிறான். "இதே பிரியாணியா?"

"இதேதான். இப்ப அங்க என் தம்பி போட்றான்."

"கத்திரிக்கா?"

"அது இல்லாம எப்படி?"

சுரேஷ் விரலை நக்கிக்கொள்கிறான். "டிக்கெட் போடு மச்சான்."

பாய் மேலே பேசுவதற்குள் இன்னொரு பிளேட் சொல்லி அவரை உள்ளே அனுப்புகிறேன். நாங்கள் முதலில் இறங்குவது பாங்காக். அங்கே பாய்க்குத் தம்பி யாரும் இல்லை. அதை விமானம் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.