கோடில்லாத அணிலும் தவமணியின் காகமும்

"சூ! கள்ளப்படுவா, உனக்கில்லை!" துடைப்பத்தோடு தவமணி கறுப்பு அணிலைத் துரத்துகிறார். வேலித் தூணில் வைத்த ஒரு பிடி சோற்றில் பாதி ஏற்கனவே அதன் கன்னத்துக்குள். இன்று புரட்டாசிச் சனி. எள்ளுக் கலந்த அந்தச் சோற்றைக் காகம் தொட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். போன சனி பின்னேரம் மூன்றரை வரை பட்டினி.

"உதின்ர முதுகைப் பாருங்கோ அண்ணை. ஒரு கோடாவது கிடக்கே? ராமர் தொடாத அணில். பிறகு உதுக்குப் பாவ புண்ணியம் எங்க தெரியப் போகுது?"

கனடாவின் ஸ்காபரோவில் குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்றில் அவருடைய வீடு; இரண்டு வீடு தள்ளி என்னுடையது. இரண்டு பெண் பிள்ளைகளோடு ஆறு வருடம் ஒரு நிலக்கீழ் அறையில் காத்திருந்து கிடைத்தது. வாரத்தில் ஐந்து நாள் ஹோட்டல் லோன்றியில், சலவை வேலையில், வெள்ளைச் சீலைகளையே பார்க்கிற கண்ணுக்குச் சனிக்கிழமைதான் நிறம். பின்வளவில் நாலு பாய் விரிக்கலாம். அதற்குள் ஒரு மேப்பிள் மரம்.

"உச்சியிலதான் முதல் சிவக்குது. எங்களுக்குக் காதடியில நரைக்குது" என்பார். நீலக் குருவிக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார். கத்திக்கொண்டு வந்து மற்றதுகளைக் கலைக்குமாம். தெற்கே போகும் வாத்துக் கூட்டத்தை அண்ணாந்து பார்த்து, "உவையிட்ட ஆரும் விசா, பேப்பர் கேக்கினமே?" என்பார்.

இந்தப் பெண்ணுக்குத்தான் நிர்வாகம் கடிதம் அனுப்பியது. வளவில் மிருகங்களுக்குத் தீனி வைப்பதால், இரவில் குப்பை கிளறும் ரக்கூன்கள் பெருகிவிட்டனவாம். 'என் வளவுக்குள் இனி உணவு வைக்க மாட்டேன்' என்று ஒப்பமிட்டுத் தரவேண்டும். தராவிட்டால் வீட்டை விட்டு எழுப்புவார்கள்.

ரக்கூன் எங்கே சாப்பிடுகிறது என்று எனக்குத் தெரியும். நிர்வாகத்தின் பெரிய குப்பைத் தொட்டிக்கு ஆனி மாதத்திலிருந்து மூடி இல்லை. குடியிருப்பாளர்கள் மூன்று முறை முறையிட்டார்கள்; ஒரு பதிலும் இல்லை. நூறு வீட்டு எச்சிலைத் திறந்து வைத்திருப்பவர்கள், ஒரு பிடி விரதச் சோற்றில் குற்றம் கண்டுபிடித்திருக்கிறார்கள். தொட்டிக்கு மூடி போட ஆளில்லை. தவமணிக்குக் கடிதம் போட ஆளிருக்கிறது.

"ஒப்பம் வைக்காதேங்கோ. நூறு வீட்டிலயும் கையெழுத்து வாங்கித் தாறன்" என்றேன்.

"நீங்கள் வாங்கி முடிக்க, என்ர சட்டி பானை றோட்டில கிடக்கும். பிறகு எங்களை உங்கட வீட்டில வைச்சிருப்பியளே அண்ணை?"



கடிதத்தை மூத்த மகள் சிவானியைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார். "வளவுக்குள்ள எண்டுதானே போட்டிருக்கு? வடிவாப் பார் பிள்ளை" என்று கேட்டார். பிறகு மேசையில் வைத்து ஒப்பமிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, முழுப்பெயரும்.

அடுத்து வந்தது புரட்டாசியின் கடைசிச் சனி. குளித்து, எள்ளெண்ணெய் விளக்கேற்றி, சோற்றைக் குழைத்து எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு வந்தார். வேலித் தூணில் வைக்கவில்லை. வலது உள்ளங்கையில் ஏந்தி, வேலிக்கு மேலால் கையை நீட்டினார். வேலிக்கு அப்பால் அவருடைய வளவில்லை; ஊர்ச் சனம் எல்லாம் நடக்கிற பாதை.

"அம்மா, people are looking! உள்ள வாங்கோ!" என்றாள் சிவானி.

"பாக்கட்டும். நான் ஒண்டும் வைக்கேல்ல. கையில வைச்சிருக்கிறன்."

பக்கத்து வீட்டுக் கூரையில் ஒரு காகம் இருந்தது. தலையைச் சரித்துப் பார்த்தது, வரவில்லை. குளிர்காற்று அடித்தது.  மணி பன்னிரண்டாகியது, ஒன்றாகியது.

மேப்பிள் இலை ஒன்று சுழன்று வந்து சோற்றின் மேல் விழுந்தது. தவமணி இடக்கையால் அதை எடுத்துப் போட்டுவிட்டு, அதே கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் எட்டி நீட்டினார்.