பீமனுக்கு டிராக்டர் ஓட்டினேன்

வெளிநாட்டு பிராட்வே மியூசிக்கல் ஒன்று சென்னைக்கு வந்தபோது, என்னோடு படித்தவர்கள் டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு வாரம் ஸ்டேட்டஸ் வைத்துத் தள்ளினார்கள். வைக்கட்டும். உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊருக்குத் திருவிழா சமயத்தில் கூத்து ஜமா வந்து இறங்கும். பாட்டு, ஆட்டம், வேஷம், நக்கல் எல்லாம் நம் வாசலுக்கே வரும். அதிலும் பகாசுரன் கூத்து பட்டப்பகலில், தெருவில்.

பகாசுரனுக்கு வண்டிச் சோறு கொண்டுபோகும் பீமன், வழியிலேயே அதைத் தின்று தீர்ப்பதுதான் கதை. வேஷக்காரர் வண்டியில் நிற்பார். வண்டி ஒவ்வொரு வாசலிலும் நிற்க, வீட்டுக்காரர்கள் சமைத்ததை நீட்டுவார்கள். ஒரு வாய் தின்றுவிட்டு, அந்த வீட்டைக் கலாய்த்து அங்கேயே பாட்டுக் கட்டிப் பாடுவார். பாட்டில் வந்த வீட்டுக்கு அடுத்த திருவிழா வரை கெத்து. தின்னாத வீட்டுக்குப் பாட்டு கிடையாது.

எங்கள் வீடு தெருக்கோடி. அங்கே வருவதற்குள் பீமனுக்கு வயிறு ஃபுல். கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். அம்மாவுக்கு இது வருஷா வருஷம் கடுப்பு.

இந்த முறை மாட்டு வண்டி கிடைக்கவில்லை. மாமாவின் டிராக்டர், டிரைவர் நான். காலையிலேயே களி கிண்டியபடி அம்மா ஆரம்பித்தாள்.

"த பாரு, அந்தாளு நம்ம வூட்ல துன்னணும். பாடணும்."

"அவரு வயிறு ரொம்பிடுச்சின்னா நான் இன்னாம்மா பண்றது?"

"இஞ்சினீரு படிச்சிக்கினு வந்தியே, யோசி."

டிரெய்லரைச் சுற்றி கத்தரிக்காயும் முருங்கைக்காயும் தோரணமாகத் தொங்க, கிளம்பினோம். வாசல் வாசலாக நின்று தெருக்கோடிக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா சாம்பார் சோறு நீட்டினார். பீமன் ஒரு வாய் போட்டுக்கொண்டு இழுத்தார்:

"மோட்டாருக்குக் கரண்டு இல்ல, ஏரியிலயும் தண்ணி இல்ல,
அம்மாடி ஒன் சாம்பாருக்கு எங்கருந்து வந்துச்சு?"

தெருவே சிரித்தது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து எங்கள் வீடு. களித் தட்டோடு அம்மா வாசலில் நிற்பது தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பீமன் என் காதோரம் குனிந்தார்.

"தம்பி, இதுக்கு மேல ஒரு பருக்கை எறங்காது. அந்தக் கடைசி வூட்டாண்ட நிக்காத போ."

"அது எங்க வூடு வாத்தியாரே."

"பேஜார் பண்ணாத நைனா."

ஸ்டியரிங்கை ஒடித்து ஏரிக்கரைப் பாதையில் இறக்கினேன். அது பாதையே இல்லை, பள்ளங்களின் வரிசை. டிரெய்லரில் பீமனோடு இருந்த மத்தளக்காரர் கத்தினார்.

"டேய், எங்கடா ஓட்டிக்கினு போற?"

"அவரு வயித்த எறக்கத்தான். கெட்டியா புட்சிக்கினு குந்துங்க."

பீமனின் கிரீடம் ஒரு காதுப் பக்கம் சாய்ந்தது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. வண்டி தூக்கிப் போடும் ஒவ்வொரு இடத்திலும் தாளம் விழும்படி, என்னைத் திட்டியே ஒரு பாட்டு. மத்தளம் அதற்கும் சேர்ந்து அடித்தது. அப்படி ஒரு கச்சேரியை எந்த அரங்கிலும் ஏசி போட்டுக் கேட்க முடியாது. பின்னாலேயே பாதித் தெரு ஓடி வந்தது.

கரையைச் சுற்றி மறுபக்கமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். பீமன் நெஞ்சைத் தடவி நீளமாக ஒரு ஏப்பம் விட்டார்.

"ஒன்ன அப்பால வெச்சிக்கிறேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா பக்கம் கையை நீட்டினார். "கொண்டாம்மா."

ஒரு துண்டு பிய்த்துக் கீரைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நான் ஊரைச் சுற்றிய நேரத்தில் களி ஆறி இறுகிப் போயிருந்தது. ஒருவழியாக விழுங்கியவர், மீதி உருண்டையை எடுத்து டிரெய்லர் தகரத்தில் தட்டினார். டங்கென்றது. மத்தளமும் ஒரு தட்டு தட்டியது.

"கோடி வூட்டு அம்மா கிண்டிவெச்ச களி,
கதாயுதம் எதுக்கினிமே, இத எடுத்து அடி!"

தெரு வெடித்துச் சிரித்தது. அம்மாவைப் பார்க்கவே எனக்குப் பயம். மெதுவாகத் திரும்பினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தபா பாடுங்கண்ணா," என்றாள்.

பாடினார். முடிந்ததும் அம்மா பக்கத்து வீட்டு அக்காவைத் தேடித் திரும்பினாள்.

"உன் சாம்பாரு வெறும் தண்ணியாம்க்கா. எங்க களி கதாயுதம்."