எல்லாமே பப்ளிக்

கிள்ளானில் சிவநேசன் வீட்டில் குளியலறையைத் தவிர எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அவன் அம்மா உஷாராணிக்கு அது தேவையென்றே தோன்றியதில்லை. பள்ளிக்கூட நாளில் அவனுக்கு அம்மை போட்டபோது, டாக்டர் பார்ப்பதற்கு முன்பே சொந்தக்காரர்களின் வாட்சப் குழு பார்த்துவிட்டது. முதுகில் இருப்பது அம்மையா, வேனல் கட்டியா என்று அப்பாவின் அக்கா இராஜம்மா தகராறே செய்தார்.

இப்படி வளர்ந்த பிள்ளை சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கப் போனான். இரண்டாம் ஆண்டில் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் வந்து சேர்ந்தது. புரோகிராமில் உள்ள ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் விவரங்களைத் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியாட்கள் நேராகக் கைவைக்கக் கூடாது, கேட்டால் அதுவே பார்த்துப் பதில் சொல்லும் என்று கௌசல்யா மிஸ் தொண்டை கிழியக் கத்தினார். மறைத்துவைக்க 'பிரைவேட்' என்று எழுதவேண்டும், திறந்துவிட 'பப்ளிக்'. நேசன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பப்ளிக் போட்டான்.

தேர்வில் வங்கிக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். மிஸ் அவன் கணினி முன் உட்கார்ந்து, வெளியிலிருந்தே கணக்கின் இருப்பை மைனஸ் ஐயாயிரம் என்று மாற்றினார். புரோகிராம் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டது.

"ஏன் நேசன், பேங்க்க இப்படித் தெறந்து போட்டிருக்க?"

"மறைக்கறதுக்கு என்ன மிஸ் இருக்கு?" உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான்.

முப்பத்தொரு மார்க். மூன்று வாரத்தில் மறுதேர்வு. அதிலும் கோட்டைவிட்டால் கூட்டாளிகள் இன்டர்ன்ஷிப் போவார்கள், இவன் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தைத் திரும்பப் படிக்கவேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குத் தெரிந்தால் ஈப்போவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரை தெரிந்துவிடுமே, அதைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மறுதேர்வு முடியும்வரை மூச்சுவிடுவதில்லை என்று முடிவு செய்தான். வீட்டில் யாராவது படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே பசிக்கிறது என்பான். மூன்றாவது வாரம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

மறுதேர்வுக்கு முந்தைய ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் உறவுக்காரப் பெண்ணுக்குப் பரிசம். இராஜம்மா அத்தை கேசரித் தட்டோடு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நேசனுக்கு ரிசல்ட் வந்திருக்கணுமே. என் கொழுந்தன் மகளுக்கு எப்பவோ வந்துருச்சு. எவ்ளோ?"

நேசன் அவசரமாக இன்னொரு வடையை வாயில் போட்டான். அம்மா இப்போது தன் பக்கம் திரும்பிக் கேட்கப்போகிறாள், தொலைந்தோம் என்று நினைத்தான்.

"செவ்வாக்கெழம இன்னும் ஒரு பேப்பர் இருக்கு அண்ணி, அது முடியட்டும்," என்றாள் அம்மா. பாயசம் கொண்டுவரட்டுமா என்று கேட்டுக்கொண்டே எழுந்தும் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. கொமுட்டர் ரயிலில் வீடு திரும்பும்போது மெதுவாகக் கேட்டான்.

"உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். ஃபீஸ் கட்டுறது நான்தானே. மார்க்கு, மறுபரீட்ச தேதி எல்லாம் எனக்குத்தான் மெசேஜ் வருது."

"அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"ஒடம்பு சரியில்லன்னா சொல்லலாம், நாலு பேரு மருந்து சொல்லுவாங்க. இது ஒன்னோடது லா. கேக்கறவங்க கேக்கட்டும். எவ்ளோ சொல்லணும்னு நமக்குத் தெரியாதா?"

நேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே, இத்தனை நாள் மண்டையில் ஏறாத பாடமும் ஷா ஆலம் ஸ்டேஷன் வருவதற்குள் ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கௌசல்யா மிஸ் மறுபடியும் வெளியிலிருந்து மைனஸ் ஐயாயிரம் போட்டுப் பார்த்தார். புரோகிராம் முடியாது என்று சொல்லிவிட்டது.

"பேலன்ஸ ஏன் பிரைவேட்ல வச்ச?"

"கேக்கறவங்களுக்கு எவ்ளோ சொல்லணும்னு அக்கவுண்ட்தான் மிஸ் முடிவு பண்ணணும்."

மிஸ் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஐம்பத்தெட்டு போட்டார்.

அன்று மாலையே இராஜம்மா அத்தை போன் செய்தார். அம்மா போனை நேசனிடம் நீட்டினாள்.

"என்னய்யா, ரிசல்ட் வந்துருச்சா?"

"பாஸ் அத்தை."

"அதான், எவ்ளோ?"

"பாஸ் அத்தை," என்றான் நேசன். "நீங்க சாப்பிட்டீங்களா?"