அம்மாவின் முழங்காலுக்கு நான் பேசிய ஹிந்தி

அம்மா விழுந்தது அவள் வேலை பார்த்த பட்டறையின் ஏணியிலிருந்து. தாராவியில் எங்கள் சந்துக்கு, அங்கே கல்லி என்பார்கள், நாலு கல்லி தள்ளி, ஜீன்ஸ் தைக்கும் ஒரு பட்டறையின் மாடியில் அவளுக்கு நூல் வெட்டுகிற வேலை. சுவரோடு ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணிதான் வழி. மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஈரச் செருப்போடு இறங்கியவள் கடைசி மூன்று படிகளைத் தவறவிட்டாள். வலது முழங்கால் நேராகத் தரையில் அடித்து, சில்லு இரண்டாகப் பிளந்துவிட்டது.

அவள் மகள் நான் செம்பூரில் ஒரு கூரியர் அலுவலகத்தில் இருக்கிறேன். என் இன்சூரன்சில் அம்மாவின் பெயரும் இருந்ததால் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பிளந்த சில்லைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருப்பதாக டாக்டர் சொன்னார். சில வாரம் கழித்து, காலை மடக்கவும் தூக்கவும் பழக்குகிற பிசியோதெரபி. அதற்கு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், போனில் வீடியோ வழியாகவே ஒரு கம்பெனி செய்து தரும், மொத்தம் பன்னிரண்டு அமர்வு, வாரத்துக்கு மூன்று, காலை எட்டரைக்கு என்றார்கள். அப்போது எனக்கு வந்த நிம்மதியை மறைக்க மாட்டேன். லீவு கேட்டு மேனேஜர் முன்னால் நிற்க வேண்டாம். அம்மாவை நாற்காலியில் வைத்து ரோடு வரை தூக்கிப் போக ஆள் தேட வேண்டாம்.

போனில் வந்த பிசியோ பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து ஹிந்தியில் பேசினாள். எந்த ஊரில் இருந்து பேசினாள் என்று இன்றுவரை தெரியாது. "ஆன்ட்டிஜி, முழுக் காலும் தெரியணும். இடுப்பிலிருந்து குதிகால் வரை" என்றாள் முதல் நாளே.

எங்கள் அறையில் அது நடக்காது. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டினால் குதிகால் வாசலைத் தொடும். முழுக் காலும் போனுக்குள் வர வேண்டுமானால் நான் கல்லியில் இறங்கி, சாக்கடை மூடிமேல் நின்று பிடிக்க வேண்டும். இரண்டு நாள் அப்படிச் செய்தேன். தண்ணீர் கேன் தூக்கி வருகிற ஆண்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். போகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை உள்ளே பார்த்தார்கள். சேலையைத் தொடை வரை சுருட்டி வைத்திருந்த அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள், "இங்கே இடமில்லை, முழங்காலை மட்டும் காட்டுகிறேன்" என்று பிசியோவிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, சரி என்றாள்.

அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது என்றில்லை. முப்பது வருஷமாக காய்கறிக்காரனிடமும் தண்ணீர்க் குழாயடியிலும் அவள் பேசி ஜெயித்த ஹிந்தி அது. முதல் நாள் அவளே பேசத்தான் பார்த்தாள். "மேரா பாவ் அந்தர் ஸே…", என் கால் உள்ளேயிருந்து, என்று இழுத்து, வார்த்தை கிடைக்காமல் தமிழில் முடித்தாள். பிசியோ பெண் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எம்மா, நீ பேசாம இரு. நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

அன்று முதல் அவள் என்னிடம் சொன்னாள், நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அம்மாவிடம் வலிக்கு எத்தனையோ சொல் இருந்தது. ஒருநாள் கடுக்குது என்பாள், ஒருநாள் உளையுது என்பாள், ஒருநாள் சுள்ளுன்னு தெறிக்குது என்பாள். நான் எல்லாவற்றையும் "தோடா தர்த் ஹை" என்றேன். கொஞ்சம் வலி இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று பிசியோ கேட்பாள். அம்மாவிடம் கேட்காமலே ஐந்து என்பேன். ஒன்பதே காலுக்கு நான் வீட்டை விட்டு இறங்க வேண்டும்.

ஆறாவது அமர்வில், காலை மடக்காமல் அப்படியே மேலே தூக்கச் சொன்னாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். தொடை நடுங்கியது. குதிகால் தரையைவிட்டு எழவே இல்லை. முந்தின வாரம் எழுந்த கால்.

"தூக்க முடியலட்டி. உள்ள நறநறன்னு உரசுது. அவகிட்டச் சொல்லு."

மணி ஒன்பதாகப் போகிறது. போன் என் வலது கையில் இருந்தது. இடது கையை அம்மாவின் குதிகாலுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினேன். திரையில் முழங்கால் மட்டும் மேலே எழுந்தது. "பஹுத் படியா, ஆன்ட்டிஜி!" என்று பாராட்டி அந்தப் பெண் கை தட்டினாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

அதற்கு அடுத்த அமர்வுகளிலும் அதையே செய்தேன். பன்னிரண்டாவது முடிந்த அன்று, வெற்றிகரமாகப் பயிற்சியை முடித்துவிட்டீர்கள் என்று பூங்கொத்துப் படத்தோடு போனுக்குச் செய்தி வந்தது. நட்சத்திரம் போடச் சொன்னார்கள். நாலு போட்டேன்.

எட்டு நாள் கழித்து, பொதுக் கழிப்பறையின் ஒற்றைப் படியில் அம்மாவின் கால் மடங்கி, வாளியோடு விழுந்தாள். அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேராகப் பிடித்தார். கம்பி அறுந்திருந்தது. எலும்பின் மேல் துண்டு ஒருபக்கமாக மேலே ஏறியிருந்தது.

"இது நேற்று நடந்ததில்லை. அறுந்து வாரக்கணக்காகியிருக்கும். உள்ளே சத்தம் ஏதும் கேட்கவில்லையா? கால் தூக்க முடியாமல் போகவில்லையா?"

நான் பைக்குள் இன்சூரன்ஸ் அட்டையைத் தேடினேன். அம்மா சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்த பிறகு எனக்கு அந்தக் கம்பெனிமேல் ஆத்திரம் வந்தது. அவர்கள் பிசியோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, தொட்டுக்கூடப் பார்க்காமல், கைதட்டியே என் அம்மாவை நொண்டியாக்கிவிட்டாள் என்று நீளமாகப் புகார் எழுதினேன். எழுதும்போது நான் அதை உண்மையிலேயே நம்பினேன். அந்தப் பெண்ணை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்றுகூட எழுதினேன்.

நாலு நாளில் ஓர் அதிகாரி வீடியோவில் வந்தார். அமர்வுகள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன மேடம், ஆறாவதைப் பார்ப்போம் என்று ஓடவிட்டார். அம்மாவின் முழங்கால் திரை முழுக்கத் தெரிந்தது. பிசியோவின் குரல் கேட்டது: "தூக்கும்போது உள்ளே சத்தம் ஏதாவது வருகிறதா?" உடனே என் குரல்: "நஹி, நஹி. ஸிர்ஃப் தோடா தர்த்." அதற்குப் பின்னால், மெல்ல, ஆனால் தெளிவாக, அம்மாவின் குரல்: "உள்ள நறநறன்னு உரசுது. அவகிட்டச் சொல்லு."

"பின்னால் அவர் என்ன சொல்கிறார், மேடம்?" என்று அதிகாரி கேட்டார்.

அந்தப் பக்கத்தில் யாருக்கும் தமிழ் தெரியவில்லை. "ஜாக்கிரதையாப் பிடின்னு சொல்றாங்க" என்று ஹிந்தியில் சொன்னேன். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் இடது கை அந்தப் பதிவில் எங்குமே இல்லை. அதைப் பற்றி அம்மாவிடமும் இதுவரை பேசவில்லை. பேசாவிட்டால் மட்டும் அவளுக்குத் தெரியாதா? அவள் குதிகால் அது.

இரண்டாம் ஆபரேஷனுக்குப் பிறகு வீடியோ வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். வாரத்துக்கு மூன்று நாள் முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் போனோம். லீவு தீர்ந்து, சம்பளமில்லா லீவும் போட்டேன். அங்கே ஒரு மராத்திக்கார பிசியோ அம்மாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபது பேர். எங்கள் முறை வந்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. முழங்காலின்மேல் உள்ளங்கையை வைத்து, மறு கையால் காலை மெல்ல மடக்கி, தலையைச் சாய்த்து, காது கொடுப்பவர் மாதிரி நின்றார்.

"அம்மாவுக்கு அங்கே…" என்று நான் ஹிந்தியில் ஆரம்பித்தேன்.

"ஏட்டி, நீ வெளிய இரு" என்றாள் அம்மா.

"இல்லம்மா, நான் சொல்லுதேன், அவங்களுக்கு…"

"நான் சொல்லிக்கிடுவேன். வெளிய இரு."

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். திரைச்சீலைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே அவளுடைய உடைந்த ஹிந்தி கேட்டது. வார்த்தை வராத இடத்தில் தமிழைப் போட்டாள், அதுவும் போதாத இடத்தில் பல்லைக் கடித்துச் சத்தம் செய்து காட்டினாள். அந்த அம்மாள் மராத்தியில் ஏதோ கேட்டார். அம்மா சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

முழங்கால் இப்போது பாதி மடங்குகிறது. இதற்குமேல் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஏணி ஏற முடியாது, குந்த முடியாது. கழிப்பறைக்குப் போக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கையில் கொண்டுபோகிறாள். பட்டறையில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது, வாசலில் உட்கார்ந்து எதிர் வீட்டுக்காரியிடம் கால் என்ன செய்கிறது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, சோறு இருக்கு, போட்டுக்கோ என்பாள்.