விளம்பரத்தோடு போன ஓர் உதை

வீடியோ கடைக்காரன் பாதிப் பிழைப்பை அடுத்தவன் விரலை நம்பித்தான் ஓட்டுகிறான்; என் பிழைப்பில் மண் போட்டது உன் விரல். பேரைச் சொல்ல மாட்டேன். உன் வாப்பா மரியாதையான மனுஷர், எங்கள் தெருக்காரர். ஆனால் அமெரிக்காவில் உட்கார்ந்து டி.வி.யிலிருந்து ஆட்டம் பதிந்து ஷார்ஜாவுக்கு அனுப்புகிறவன் யார் என்று இங்கே ரோலா கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். கடை வைத்து வசவு வாங்கிய சகோதரர்களே, நீங்களே நடுவில் உட்கார்ந்து நியாயம் சொல்லுங்கள்.

பேரம் பேசாத மனுஷர்

பள்ளிக்கூடம் என்னை ஆறாவதோடு கைகழுவிவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் பர்மா பஜார் பிளாட்பாரத்தில். அங்கே படித்த முதல் பாடம், கேட்ட விலையைக் கொடுப்பவன் ஒன்று பைத்தியம், இல்லை போலீஸ். பில் என்கிற அமெரிக்கர் என் கடைக்கு வந்தபோது இரண்டில் எதுவாகவும் தெரியவில்லை. புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் யார்டில் இன்ஜினியர். மலை ரோட்டைத் தாண்டி ரோலாவுக்கு வந்திருந்தார். அமெரிக்க கேசட்டும் நம் ஊர் கேசட்டும் இரண்டும் ஓடுகிற டி.வி.யும் டெக்கும் வேண்டும் என்றார். பாதிக்குக் குறைப்பார் என்று ஆகாசத்தில் ஒரு விலை சொன்னேன். மனுஷர் பர்ஸை எடுத்துவிட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷம் கற்ற வித்தையை ஒருத்தர் இப்படி அவமானப்படுத்தலாமா? கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள் என்றேன். முழித்தார். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். கடைசியில் நானே விலையைக் குறைத்து, ஒரு பெட்டி காலி கேசட்டையும் அவர் கையில் திணித்தேன். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வாங்குற எனக்கே கோபம் வரல, விக்கிற உங்களுக்கு ஏன் வருது?"

பந்து இல்லாத கால்பந்து

பெட்டி வாங்கியவருக்குப் படம் வேண்டாமா? தன் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் ஆடுகிற ஃபுட்பால் வேண்டும் என்றார். உன்னைத் தேடிப் பிடித்தது அதற்காகத்தான். நீ முதலில் அனுப்பியது ஏதோ ஒரு 'பவுல்' ஆட்டம். சீசன் முடிந்தபிறகு நன்றாக ஆடிய இரண்டு பல்கலைக்கழக அணிகளைக் கூப்பிட்டு ஒரே ஒரு ஆட்டம் வைப்பார்களாம். அதற்குப் பேர் அப்படி. பில்லுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, கடையில் வைக்க ஒரு காப்பி எடுத்து, ஃபுட்பால் என்று எழுதி ஒட்டினேன்.

கோழிக்கோட்டு அஷ்ரஃப் வந்தான். பக்கத்து கஃபேட்டீரியாவில் டீ மாஸ்டர். ஃபுட்பால் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. வியாழக்கிழமை ரூமில் பத்துப் பேரைக் கூட்டி வைத்துப் போட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு கேசட் என் மேஜையில் வந்து விழுந்தது. என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன், நான் வாயைத் திறக்கும் முன் முந்திக்கொண்டான்: "காக்கா, இதுல ஹெல்மெட் இருக்கு, விசில் இருக்கு, ஒருத்தன் மேல ஒருத்தன் படுத்துக் கெடக்குறான். பந்து மட்டும் மாஃபி."

காணாமல் போன பர்கர்

உனக்கு ஒரு பழக்கம். விளம்பரம் வந்ததும் பதிவை நிறுத்தி வைப்பாய், ஆட்டம் வந்ததும் மறுபடி ஓட விடுவாய். டேப் மிச்சம், பார்க்கிறவருக்கும் சுகம் என்று நினைப்பு. நானும் பெருமையாக, விளம்பரத் தொல்லை இல்லாத சரக்கு என்று சொல்லித்தான் விற்றேன்.

பில் கேசட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் தங்கியிருக்கும் கேம்ப்பிலிருந்து இன்னும் மூன்று அமெரிக்கர்கள். நாலு பேர் முகத்திலும் ஏமாந்த களை. ஆட்டத்தில் குறையா என்றேன். இல்லையாம். விளம்பரம் எங்கே என்கிறார்கள். பாலைவனத்தில் மாதக்கணக்கில் தொட்டியையே பார்த்துக் கிடக்கிறவர்களுக்கு ஊர் பர்கரும் ஊர் காரும் நடுநடுவே வந்து போனால்தான் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்குமாம். சகோதரர்களே, விளம்பரம் கேட்டுச் சண்டைக்கு வந்த வாடிக்கையாளர் உங்களில் யாருக்காவது உண்டா? அன்றே உனக்குப் போன் போட்டேன். இனிமேல் எதையும் வெட்டாதே, வந்தது வந்தபடி அனுப்பு என்று கத்தினேன். அந்தப் பக்கம் நீ சிரித்தாய். இன்னும் என் காதில் இருக்கிறது நீ சொன்னது: "காக்கா, உங்க அமெரிக்கருக்கு விவரம் பத்தல. விளம்பரத்தை எவனாவது காசு குடுத்துப் பாப்பானா?"

காதைப் பொத்திக்கொண்ட தகப்பன்

அடுத்த வருஷம் பில்லின் மகன் படிக்கிற பல்கலைக்கழகத்துக்கே பவுல் ஆட்டம் கிடைத்தது. மகன் அணியில் உதைக்கிறவன். அதிலும் ரொம்ப தூரத்திலிருந்து உதைக்க மட்டும் இறக்குகிற ஆள். வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், ஓர் ஆட்டத்தில் ஒரு தடவை இறங்கினால் அதிசயம். பில்லுக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டில் பதியச் சொல்லலாமே என்றேன். பெண்டாட்டியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்வரை எல்லோரும் மைதானத்துக்குப் போகிறார்களாம். அதனால் உன்னைத்தான் நம்பினோம்.

ஆட்டம் முடிந்து கேசட் வந்து சேரும்வரை அந்த மனுஷர் பட்ட பாடு! முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று வீட்டிலிருந்து வந்த போனைக்கூட எடுக்கவில்லை. கேம்ப்பில் யாராவது ஆட்டப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம். கூரியர் வந்துவிட்டது என்று நான் போன் செய்தபோதுகூட ஹலோவுக்கு முன்னால் அவர் சொன்னது இதுதான்: "கேசட் வந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க, வேற ஒரு வார்த்தை பேசாதீங்க."

கடைசி உதை

புஜைரா போகிறவரை அவருக்குப் பொறுமை இல்லை. என் கடையின் பின்னறையிலேயே போட்டோம். டீ கொண்டு வந்த அஷ்ரஃப் கதவில் சாய்ந்து நின்றான். ஒரு மணி நேரக் கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள். விளம்பரம் வரவேண்டிய இடத்திலெல்லாம் படம் ஒரு துள்ளு துள்ளியது. என் பேச்சை நீ மதித்த லட்சணம் அது. பில் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கடைசியில் மகன் அணி இரண்டு புள்ளி பின்னால். சில விநாடிகள்தான் பாக்கி. இப்போது உதைத்து இரண்டு கம்பத்துக்கு நடுவே போட்டால் மூன்று புள்ளி, ஜெயம். பெஞ்சிலிருந்து ஒரு நெட்டைப் பையன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்தான். பில்லின் அதே காது, அதே நடை. காலால் உதைக்கிற ஒருத்தனைக் கண்டுவிட்ட அஷ்ரஃப் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

பையன் அளந்து பின்னால் போய் நின்றான். அவனை மிரட்டுவதற்காக எதிரணி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது. ஆட்டம் நின்றால் விளம்பரம். விளம்பரம் என்றால் உன் விரல். படம் துள்ளியது. திரும்பி வந்தபோது மைதானம் முழுக்க ஆட்கள். சிவப்புச் சட்டையும் அழுகிறது, வெள்ளைச் சட்டையும் அழுகிறது. அவ்வளவுதான், டேப்பில் அதற்குமேல் புள்ளிமழை. மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். உதை இல்லை.

பில் என் போனிலிருந்தே வீட்டுக்குப் பேசினார். பந்து உள்ளே போயிருக்கிறது, பையன் ஜெயித்துவிட்டான். அஷ்ரஃப் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். பாரம் இறங்கியது என்று நான், ஜெயித்தாச்சே, கலாஸ், கதை முடிந்தது, இனி என்ன என்றேன். அவர் இன்னும் புள்ளிமழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பந்து உள்ள போனது ஊருக்கே தெரியும். உதைச்சு முடிக்கிறவரை தலையைத் தூக்காதேன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தேன். தூக்கினானா இல்லையான்னு எனக்குப் பாக்கணும்."

அந்த நிமிஷமே உனக்குப் போன் போட்டேன். விளம்பரம்தானே, அதற்குள் ஒரு டீ போட்டுக்கொண்டு வரலாம் என்று அடுப்படிக்குப் போனாயாம். இன்றைக்கும் பில் ரோலாவுக்கு வந்தால் கடைக்குள் நுழைவதில்லை, வாசலில் நின்று வந்ததா என்று புருவத்தைத் தூக்குகிறார், நான் இல்லையென்று தலையை ஆட்டுகிறேன், போய்விடுகிறார்.

வாழ்நாளெல்லாம் குறைத்துக் கேட்டே பழகியவன் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் கேட்கிறேன், தம்பி: அந்த ஊரில் எவன் வீட்டு அலமாரியில் கிடந்தாலும் தேடிப் பிடித்து அந்த ஒரே ஒரு உதையை அனுப்பு, முன்னாலும் பின்னாலும் எத்தனை பர்கர் விளம்பரம் இருந்தாலும் சரி.